லிஃப்ட் செய்த வண்டியில் ஸ்டீயரிங் கனத்தால்: பம்ப் வாங்குவதற்கு முன் நடக்கும் தவறுகள்

ஜீப் ராங்ளர் ஜேகே, ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டியூட்டி 4x4, பழைய செவர்லே கே-20 போன்றவை முன்பக்கம் சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டி அச்சு) கொண்ட அமெரிக்க வண்டிகள். இவற்றை மூன்று நான்கு அங்குலம் உயர்த்தி, 35 அல்லது 37 அங்குல டயர் மாட்டியவர்களிடம் அடிக்கடி வரும் புகார், ஸ்டீயரிங் கனக்கிறது என்பதுதான். உடனே பலரும் புது பவர் ஸ்டீயரிங் பம்ப் வாங்கிவிடுகிறார்கள். மாட்டிய பிறகும் கனம் அப்படியே இருக்கும். திருப்ப வேண்டிய சுமை கூடியிருக்கிறதா, பம்ப் தரும் உதவி குறைந்திருக்கிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, அரை மணி நேரம் போதும்.

அதற்கும் முன்பாக எளிதான சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். மணலிலும் பாறையிலும் ஓட்ட 15 பிஎஸ்ஐ வரை இறக்கிய காற்றைத் தார்ச்சாலைக்கு வந்ததும் ஏற்ற மறந்துபோவது உண்டு. ஃபோர் வீல் டிரைவ் விலகாமல் மாட்டிக்கொண்டிருந்தாலோ, முன் ஆக்ஸிலில் லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) பிடித்திருந்தாலோ, உலர்ந்த சாலையில் ஸ்டீயரிங் கல்லாகத்தான் இருக்கும். பெல்ட் இறுக்கம், ஆயில் அளவு, ஆயிலில் நுரை இருக்கிறதா என்பதும் ஐந்து நிமிட வேலை.

சக்கரத்தைத் தூக்காமலே சோதிப்பது. இதுதான் பெரிய தவறு. தரையில் நிற்கும் அகல டயர் எல்லாக் கோளாறையும் மறைத்துவிடும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஆக்ஸிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்து, ஸ்டீயரிங் லாக் விலகும் அளவுக்கு மட்டும் சாவியைத் திருப்புங்கள். இப்போது ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகச் சுற்றுங்கள். சீராகச் சுற்றினால் எங்கும் பிடிப்பு இல்லை. டயரையும் பம்ப்பையும் பார்க்கலாம். இறுக்கமாக இருந்தால் டிராக் லிங்க்கை (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) பிட்மன் ஆர்மிலிருந்து (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் கை) கழற்றிவிட்டு மறுபடி சுற்றுங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் கோளாறு ஸ்டீயரிங் பாக்ஸிலோ அதற்கு மேலுள்ள ஷாஃப்ட்டிலோ இருக்கிறது.

ஸ்டீயரிங் லேசாகிவிட்டால் சக்கரப் பக்கம் போக வேண்டும். டை ராடை, அதாவது சக்கரங்களை இணைக்கும் கம்பியைக் கழற்றி, இரு சக்கரங்களையும் தனித்தனியாகக் கையால் இடமும் வலமும் திருப்புங்கள். ஒன்று லேசாகவும் மற்றது பிடித்துப் பிடித்தும் திரும்பினால், அந்தப் பக்கத்து பால் ஜாயிண்டில் (சக்கரம் இடமும் வலமும் திரும்பும் மூட்டு) கிரீஸ் வற்றித் துரு ஏறியிருக்கும். பால் ஜாயிண்டுக்குப் பதில் கிங்பின் வைத்த பழைய டானா 60 ஆக்ஸிலிலும் கிரீஸ் போகாவிட்டால் இதே நிலைதான். பெரிய டயரும் வெளியே தள்ளிய வீலும் இந்த ஜாயிண்டுகளைச் சீக்கிரம் தேய்க்கும் என்பதால், லிஃப்ட் செய்த வண்டியில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

இடை ஷாஃப்ட்டை மறந்துவிடுவது. டேஷ்போர்டுக்குக் கீழிருந்து பாக்ஸுக்குப் போகும் ஷாஃப்ட்டின் யூனிவர்சல் ஜாயிண்ட், எக்ஸாஸ்ட் சூட்டிலும் மழைநீரிலும் காய்ந்து இறுகிவிடும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் கனத்து, இரண்டு இடத்தில் லேசாவது இதன் அடையாளம். பம்ப் கெட்டால் இப்படிச் சுற்றுக்குச் சுற்று மாறாது. சஸ்பென்ஷன் லிஃப்ட் இந்த ஷாஃப்ட்டின் கோணத்தை மாற்றுவதில்லை. பாக்ஸ் ஃபிரேமிலேயே இருக்கிறது. ஃபிரேமை விட்டு பாடியை மட்டும் உயர்த்தும் பாடி லிஃப்ட் செய்தால்தான் ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் வீலைத் தாங்கும் தண்டு) மேலே போய், கோணமும் நீளமும் மாறும். ஷாஃப்ட்டைக் கழற்றும்போது ஸ்டீயரிங் வீலைக் கட்டிவையுங்கள். அது தன்போக்கில் சுற்றினால் ஏர்பேக்கின் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் வீலுக்குள் இருக்கும் மின்கம்பிச் சுருள்) அறுந்துவிடும்.

ஆட்டத்தைக் குறைக்க பாக்ஸ் ஸ்குரூவை முறுக்குவது. பெரிய டயர் போட்டதும் ஸ்டீயரிங்கில் ஆட்டம் தெரியும். உடனே பாக்ஸ் மேலுள்ள ஸ்குரூவை அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று இறுக்குவார்கள். பாக்ஸுக்குள் இருக்கும் செக்டர் பற்கள் நடுநிலையில்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும்படி செய்யப்பட்டவை. அளவு மீறினால் நேராகப் போகும்போது ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும், திருப்பத்திலிருந்து தானாகத் திரும்பி வராது, பற்களும் தேயும். டிராக் லிங்க்கைக் கழற்றி, நடுநிலையில் வைத்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கை அளந்து செய்யும் வேலை இது. பெரும்பாலும் ஆட்டம் இருப்பது டை ராட் எண்டிலும் டிராக் பார் (ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போல்ட்டிலும்தான்.

சத்தத்தை வைத்து பம்ப்புக்குத் தீர்ப்பு எழுதுவது. முனகல் சத்தம் காற்று புகுந்ததாலும் வரும். முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை ஓட்டாமல் கோடிக்குக் கோடி இருபது தடவையாவது மெதுவாகத் திருப்பி, ஆயிலை நிரப்பிக்கொண்டே போனால் காற்று வெளியேறும். ஆயில் வகையும் முக்கியம்: ஜேகே ராங்ளருக்கு ஏடிஎஃப்+4 (ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலில் ஒரு வகை), மற்ற வண்டிகளுக்கு மேனுவல் சொல்வது.

பம்ப்பை அறிய பிரஷர் கேஜ் வேண்டும். பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே வால்வுடன் கூடிய கேஜை மாட்டி, ஆயில் சூடானதும் பாருங்கள். பழைய சாகினா பம்ப் வண்டிகளில் வால்வு திறந்து, ஸ்டீயரிங்கைத் தொடாமல் இருக்கும்போது 200 பிஎஸ்ஐ-யைத் தாண்டினால் குழாயில் அடைப்பு. வால்வை மூடினால் மேனுவல் சொல்லும் உச்ச அழுத்தம் வர வேண்டும். பல வண்டிகளில் இது 1,000 முதல் 1,500 பிஎஸ்ஐ வரை. ஐந்து விநாடிக்கு மேல் மூடி வைக்காதீர்கள், பம்ப் கருகிவிடும். வால்வை மூடும்போது உச்சம் வந்து, திறந்து ஸ்டீயரிங்கைக் கோடியில் பிடிக்கும்போது வராவிட்டால், பாக்ஸுக்குள் சீல் கசிகிறது. பம்ப் நல்ல பம்ப். ஒரு பக்கம் மட்டும் கனப்பதற்கும் பெரும்பாலும் பாக்ஸ்தான் காரணம். ஹைட்ரோபூஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் அதே பம்ப்தான் பிரேக்குக்கும் வேலை செய்கிறது. ஐடிலில் பிரேக்கை மிதித்துக்கொண்டே திருப்பும்போது மட்டும் கனத்தால் அங்கே பாருங்கள்.

எல்லாப் பழியையும் டயர் உயரத்தின் மேல் போடுவது. அகலமும் வீல் ஆஃப்செட்டும் (வீல் மாட்டும் தட்டு அதன் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் அளவு) செய்யும் கேடு அதிகம். ஜேகேயின் கம்பெனி வீல் ஆஃப்செட் ஏறக்குறைய +44 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு -12 வீல் மாட்டினால் டயரின் நடுக்கோடு 56 மி.மீ. வெளியே போகிறது. நின்ற இடத்தில் திருப்பும்போது டயர் சுழல்வதற்குப் பதில் வளைவில் உரசி நகர்கிறது. காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) மேலும் இப்படித்தான் பழி விழுகிறது: லிஃப்ட் அதைக் குறைக்கும், குறைந்தால் வண்டி அலையுமே தவிர கனக்காது. அலைச்சலுக்குப் பயந்து நீளமான கன்ட்ரோல் ஆர்மால் எட்டு டிகிரிக்கு ஏற்றிவிடும்போதுதான் கனம் வருகிறது. இரட்டை ஸ்டெபிலைசர் (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் டாம்பர்) இருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் 37 அங்குல டயர் நின்ற இடத்தில் திரும்ப மறுத்தால், கம்பெனி பாக்ஸின் பலம் போதவில்லை. டை ராடைத் தள்ளும் ஹைட்ராலிக் ராம், அதற்குத் துளையிட்ட பாக்ஸ், அதிக ஆயில் தள்ளும் பம்ப், ஒரு கூலர் ஆகியவற்றைச் சேர்த்தே மாட்டுங்கள். மாட்டும் முன் ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் பாக்ஸ் போல்ட்டுகளைச் சுற்றி ஃபிரேமைக் கவனிக்கட்டும். 1973-87 செவர்லே பிக்கப்களில் அந்த இடம் விரிசல் விடுவது தெரிந்த விஷயம். விரிசல் இருந்தால் முதலில் வெல்டிங்கும் பட்டைத் தகடும்.