33 இஞ்ச் டயருக்காக மட்கார்டை வெட்டப் போகிறீர்களா?

டொயோட்டா டகோமா பிக்கப் வைத்திருப்பவர்களில் பலருக்கு ஒரு நாள் இந்த ஆசை வந்துவிடும்: 33 இஞ்ச் டயர். 2005 முதல் 2023 வரை அமெரிக்காவில் விற்ற இரண்டு தலைமுறை டகோமாக்களிலும் அதைப் போட்டவர்களுக்கு, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் வரும் அந்தக் ‘கர்ர்ர்’ சத்தம் பழக்கம். அடுத்த சனிக்கிழமை கை தானாகக் கிரைண்டரைத் தேடும்.

நானும் தேடினேன். முன் மட்கார்டின் பின் ஓரத்தில் அழகாக ஒரு வளைவை வெட்டி எடுத்தேன். வண்டியை எடுத்தால் சத்தம் அப்படியே இருக்கிறது. டயர் உரசியது மட்கார்டில் இல்லை. அதற்கும் உள்ளே, கேபினைச் சேஸியோடு பிடித்து வைத்திருக்கும் கேப் மவுன்ட்டில். நல்ல தகட்டை வீணாக வெட்டியதுதான் மிச்சம்.

எங்கே உரசுகிறது என்று பார்க்காமல் வெட்டுவதுதான் இந்த வேலையின் தாய்த் தவறு. மற்றவை பெரும்பாலும் அதன் பிள்ளைகள்.

கணக்கைப் பாருங்கள். 265/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 777 மி.மீ. அதை எடுத்துவிட்டு, 33 இஞ்ச் என்று சொல்லப்படும் 285/70 ஆர்17 போட்டால் 831 மி.மீ. மையத்திலிருந்து எல்லாத் திசையிலும் 27 மி.மீ. கூடுகிறது, அகலமும் 20 மி.மீ. கூடுகிறது. மேலே இடம் வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் டயர் முன்னும் பின்னும்கூட வளர்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முதலில் இடிப்பது அந்தப் பின்பக்க வளர்ச்சிதான்.

“வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டால் சரியாகிவிடும்” என்பது அடுத்த நம்பிக்கை. லிஃப்ட் போட்டால் வண்டி சமதரையில் நிற்கும்போது இடைவெளி தெரியும். பாறையில் ஒரு சக்கரம் ஏறி ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது, அமுக்கத்துக்கு எல்லை போடும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப் எங்கே தடுக்கிறதோ அதுவரை டயர் மேலே போகும். பம்ப் ஸ்டாப்பை மாற்றாமல் உயரம் கூட்டும் ஸ்பேசர் கட்டையை மட்டும் வைத்தால், முழு அமுக்கத்தில் இடம் கொஞ்சமும் கூடாது. வீட்டு வாசலில் உரசாத வண்டி யூட்டா மாநிலத்து மோவாப் பாறைகளில் உரசுவது இதனால்தான்.

இதைவிட நயமாக ஏமாற்றுவது வீல் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. ரிம்மைக் கொஞ்சம் வெளியே தள்ளினால் உள்ளே இடம் கிடைக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும் என்று குறைந்த ஆஃப்செட் ரிம் வாங்குவார்கள். உள்பக்கம் கிடைப்பது உண்மைதான். ஆனால் திருப்பும் அச்சிலிருந்து டயர் விலகிப்போவதால், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது அது போடும் வட்டம் பெரிதாகிறது. மட்கார்டும் கேப் மவுன்ட்டும் முன்னைவிட அதிகமாக அடி வாங்கும். காசு கொடுத்து உரசலை வாங்குவது என்பது இதுதான்.

அதனால் முதலில் சோதனை. வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தி, முன் ஸ்பிரிங்கை ஷாக்கோடு சேர்த்துக் கழற்றிவிடுங்கள். டயரை மாட்டி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் (லோயர் கன்ட்ரோல் ஆர்ம்) அடியில் ஜாக் கொடுத்து பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை தூக்குங்கள். அந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்புங்கள். டயரில் சாக்பீஸ் பூசியிருந்தால் இடித்த இடத்தில் கோடு விழும். அப்புறம் அலைன்மென்ட். கீழ்க்கையில் உள்ள, திருப்பினால் கையை நகர்த்தும் கேம் போல்ட்டுகளை வைத்து சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ள முடியும், காஸ்டரும் (திருப்பும் அச்சின் பின்சாய்வு) கூடும். சில வண்டிகளில் இதோடு வேலை முடிந்துவிடும். கிரைண்டரைத் தொடவே வேண்டாம்.

முடியவில்லையா, சரி, வெட்டலாம். வெட்டும் வரிசை முக்கியம்: முதலில் பம்பரின் பிளாஸ்டிக், அடுத்து மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனர், கடைசியில்தான் இரும்பு. லைனர் தொல்லை என்று மொத்தமாகக் கழற்றி எறிபவர்கள் உண்டு. டயர் வாரி அடிக்கும் சேறும் கல்லும் நேராக வயரிங்குக்கும் இன்ஜின் பக்கமும் போகும். ஹீட் கன் காட்டி உள்ளே அமுக்கினாலே பெரும்பாலும் போதும்.

லைனருக்குப் பின்னால் இரண்டு தகடுகளை ஒட்டி ஸ்பாட் வெல்டு அடித்த ஓரம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டாதீர்கள். வெட்டினால் தகடுகளைப் பிடித்திருக்கும் வெல்டு விட்டுப்போகும். சுத்தியால் அடித்து மடக்கி, இடுக்கை அடைக்கும் சீம் சீலர் தடவி, பெயின்ட் அடித்தால் போதும். ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே போலத் தனிச் சேஸி இல்லாத வண்டிகளில் இன்னும் கவனம் தேவை. அதன் பின் சக்கர வளைவில் உள்தகடும் வெளித்தகடும் சேரும் ஓரத்தை வெட்டிவிட்டு அப்படியே விட்டால் பாடியே பலம் இழக்கும். உள்தகட்டில் கீறல்கள் போட்டு, மேலே மடக்கி, திரும்ப வெல்டு செய்ய வேண்டும்.

கேப் மவுன்ட்டின் மூலையை வெட்டினால், திறந்த வாயைத் தகடு வைத்து வெல்டு செய்து மூடுங்கள். “பிறகு பார்க்கலாம்” என்று விட்ட மவுன்ட்டுகளை மிச்சிகன் மாதிரி குளிரில் சாலைக்கு உப்பு போடும் ஊர்களில் பார்க்க வேண்டும், துரு தின்றுவிடும். வெட்டிய அன்றே பிரைமர், பெயின்ட். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுவது, பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் ஈரத் துணியால் மூடுவது, பெட்ரோல் குழாய் பக்கம் பொறி தெறிக்காமல் பார்ப்பது எல்லாம் ஐந்து நிமிட வேலை.

வெட்டிய பிறகு டயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சட்டமும் குறுக்கே வரும். கலிஃபோர்னியாவில் மட்கார்டு குறைந்தது டயரின் பட்டை அகலமாவது இருக்க வேண்டும் என்பது விதி. மட்கார்டை அகலமாக்கும் ஃபிளேர் போடுவீர்கள், அதன் திருகுத் துளைகளுக்கும் பெயின்ட் வேண்டும். இதைப் படித்துவிட்டு இந்தியாவில் மகிந்திரா தாரையோ இசுஸு வி-கிராஸையோ வெட்டக் கிளம்புபவர்களுக்கு ஒன்று: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும், பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்பீடோமீட்டரும் இனி குறைத்துக் காட்டும். அது 65 மைல் என்றால் நீங்கள் 69க்கு மேல் போகிறீர்கள்.

கடைசியாக ஸ்டெப்னி. நாலு டயர் வாங்கிவிட்டு, அடியில் பழைய 265ஐயே தொங்கவிட்டிருப்பவர்கள் அதிகம். பஞ்சரான பின் அதை மாட்டி, ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு மலையிறங்கினால் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் அவதிப்படும். ஐந்தாவது டயரையும் சேர்த்தே வாங்குங்கள். வாங்கியதும் அது அடியில் ஏறுகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.