பன்றிப் பண்ணைக்குள் நோய் நுழையாமல் தடுக்கும் வழிகள்

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அதன் கடும் வகை தாக்கினால் பெரும்பாலான பன்றிகள் இறந்துவிடும். ஆகவே நோயைப் பண்ணையின் எல்லையிலேயே நிறுத்த வேண்டும்.

முதலில் பண்ணையைச் சுற்றி வேலி அமைத்து, ஒரே ஒரு நுழைவாயிலை வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பன்றியும் தெருநாயும் உள்ளே வர முடியாதபடி வேலி உறுதியாக இருக்க வேண்டும். கொட்டிலின் வாசலில் ஒரு கோடு வரைந்து, வெளியே அணிந்த காலணியும் உடையும் அதைத் தாண்டக் கூடாது என்ற விதியை உரிமையாளர் உட்பட அனைவருக்கும் பொதுவாக்குங்கள். உள்ளே அணிவதற்கென்று தனி பூட்ஸ், தனி உடை இருக்கட்டும்.

வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருந்தாலே போதும் எனப் பலர் நம்புகிறார்கள். அழுக்கு ஒட்டிய பூட்ஸை அதில் முக்கி எடுப்பதால் பெரிதாகப் பயனில்லை, ஏனெனில் சாணமும் சேறும் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடுகின்றன. முதலில் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, அதன்பின் கிருமிநாசினியில் நனைத்து, புட்டியில் குறிப்பிட்டுள்ள நேரம் வரை விட வேண்டும். தொட்டி நீர் கலங்கியதும் மாற்றிவிடுங்கள்.

இறைச்சிக்கூடத்துக்குச் சென்று திரும்பும் லாரி பல பண்ணைகளின் கிருமிகளைச் சுமந்து வரக்கூடும் என்பதால், அதை வேலிக்கு வெளியிலேயே நிறுத்தி, பன்றிகளை அங்கு ஓட்டிச்சென்று ஏற்றுங்கள். ஏறிய பன்றி எக்காரணம் கொண்டும் திரும்பி வரக் கூடாது.

புதிதாக வாங்கிய பன்றிகளை மந்தையிலிருந்து விலக்கி, தனிக் கொட்டிலில் குறைந்தது 30 நாள் வைத்துக் கவனியுங்கள். அவற்றுக்கெனத் தனி ஆளை நியமிக்க முடியாவிட்டால், பழைய மந்தையின் வேலையை முடித்த பிறகே அவற்றிடம் செல்ல வேண்டும்.

உணவகக் கழிவைத் தீனியாகத் தருவதில்தான் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. இந்நோயின் வைரஸ் உறைய வைத்த இறைச்சியிலும், உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். இக்கழிவைத் தவிர்ப்பதே சிறந்தது. சட்டம் அனுமதிக்கும் இடத்தில் அதைத் தந்தே ஆகவேண்டுமெனில், இடைவிடாது கிளறியபடி 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 60 நிமிடம் வேகவையுங்கள். பணியாளர்கள் பன்றி இறைச்சி உணவைப் பண்ணைக்குள் கொண்டுவருவதையும் தடை செய்யுங்கள்.

பன்றிகள் திடீரெனக் கடும் காய்ச்சலுடன் தீனியை மறுத்து மடியத் தொடங்கினால், உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள். அவர் வரும்வரை எந்தப் பன்றியையும் விற்காதீர்கள். இறந்த பன்றியை அறுத்தும் பார்க்காதீர்கள். அதன் இரத்தத்தில் வைரஸ் நிறைந்திருக்கும்.