ஒளிபரப்புக் கண்காட்சிக்குப் போகும் யாழ்ப்பாண ஸ்ரூடியோக்காரருக்கு

தேர், கலியாணவீடு, செத்தவீடு என்று ரொறன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் நேரலை அனுப்புகிற ஸ்ரூடியோக்கள் சர்வதேச ஒளிபரப்புக் கண்காட்சிக்குப் போவது வேடிக்கை பார்க்க அல்ல. நல்லூரில் தேரன்று எது பழுதாகிறதோ, அதைக் கையோடு கொண்டுபோய் அங்கே சோதித்துப் பார்க்கத்தான்.

பெரிய கண்காட்சிகள் மூன்று. நாப் ஏப்ரலில், லாஸ் வேகாஸில். ஐ.பி.சி. செப்ரெம்பரில், அம்ஸ்ரர்டாமின் ராய் மண்டபங்களில். (ஐ.பி.சி. என்றதும் எங்களுக்குத் தமிழ் வானொலிதான் நினைவுக்கு வரும், இது வேறு. 1967இல் லண்டனில் தொடங்கி, 1992இலிருந்து அம்ஸ்ரர்டாமில் நடக்கிறது.) மூன்றாவது சிங்கப்பூரின் புரோட்காஸ்ட் ஏசியா. முதல் தடவை போகிறவர்கள் சிங்கப்பூருக்கே போங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டி விசா வேண்டாம். போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். மின்சாரமும் எங்களுடையதே: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், சதுர முள் பிளக். அம்ஸ்ரர்டாமுக்கு ஷெங்கன் விசா வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு பார்ப்போம் என்று விட்டால் பிந்திவிடும்.

புறப்பட முதல் ஒரு தாளில் உங்கள் வேலையை எழுதுங்கள்: எத்தனை கமரா, கமராவிலிருந்து கட்டுப்பாட்டு மேசைக்கு எத்தனை மீற்றர், ஜெனரேற்றரா லைன் கறன்ரா, இணைய இணைப்பின் அப்லோட் வேகம் எவ்வளவு. இந்தத் தாள் இல்லாமல் போனால் விற்பனையாளர் தன்னிடம் இருப்பதைத்தான் உங்கள் தேவையாக்குவார்.

அதிகம் கவனிக்க வேண்டியது என்கோடர், அதாவது படத்தைச் சுருக்கி இணையத்தில் அனுப்பும் பெட்டி. கண்காட்சிக் கடையில் அது ஒரு மீற்றர் கேபிளில் பக்கத்து மொனிற்றருக்குத்தான் அனுப்பும். அதில் எந்தப் படமும் அழகாகத்தான் வரும். எனவே போக ஒரு கிழமை முதலே சிறிய இணைய சேர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எஸ்.ஆர்.ரி. என்ற நேரலை அனுப்பும் முறையில் படத்தை வாங்கி அனுப்பும்படி வைத்துவிடுங்கள். வாங்குவது 9000ஆம் போர்ட், கொடுப்பது 9001ஆம் போர்ட், இரண்டிலும் சேர்வர் லிசினர் (இணைப்புக்குக் காத்திருக்கும் பக்கம்). கடையில் இருக்கும் என்கோடர் கோலராக (இணைப்பைத் தொடங்கும் பக்கமாக) 9000க்கு அனுப்பட்டும். யாழ்ப்பாணத்தில் உங்கள் ஆள் கோலராக 9001இலிருந்து எடுத்து 20 நிமிடம் பதிவு செய்யட்டும். நேரே ஸ்ரூடியோவுக்கு அனுப்பப் பார்க்காதீர்கள். 4ஜி றவுட்டருக்குப் பெரும்பாலும் பொது ஐ.பி. முகவரி கிடைப்பதில்லை, வெளியிலிருந்து வரும் இணைப்பு உள்ளே வராது.

இந்தச் சோதனை பிழைப்பது பெரும்பாலும் மூன்று காரணத்தால். ஒன்று, சேர்வரின் பயர்வோலில் பழக்கத்தில் ரி.சி.பி.யைத் திறந்துவிட்டு யு.டி.பி.யை மறந்துவிடுவது, எஸ்.ஆர்.ரி. போவது யு.டி.பி.யில். இரண்டாவது, கடவுச்சொல் 10 எழுத்துக்குக் குறைந்தால் ஏற்காது. மூன்றாவதுதான் உண்மையான வில்லங்கம்: தாமத அளவு. இது முதலில் 120 மில்லிசெக்கனில் நிற்கும். பிங் நேரத்தை (தரவுப் பொதி போய்த் திரும்பும் நேரத்தை) நாலால் பெருக்கி அந்த அளவைப் போடுங்கள். பிங் 80 என்றால் 320. தேரடியில் சனம் நெருங்கி, பிங் 300க்கு ஏறினால் 1200 வேண்டும். குறைவாக வைத்தால் தொலைந்த பொதியை மறுபடி கேட்டு வாங்க நேரம் போதாது. படம் கட்டங்கட்டமாக உடையும். இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவு போட்டிருந்தால் கூடிய அளவே செல்லும்.

பல சிம் சேர்த்து அனுப்பும் பெட்டி பார்ப்பவர்கள், வெவ்வேறு நிறுவனச் சிம்களைப் போடுவதாக வைத்தே கணக்குப் பாருங்கள். ஒரே கோபுரத்தில் தொங்கும் இரண்டு சிம், கூட்டம் வந்தால் இரண்டும் சேர்ந்தே விழும்.

அடுத்தது தாமதம் அளப்பது. கைபேசியில் ஸ்ரொப்வோச்சை ஓடவிட்டு, அதைக் கடையின் கமராவுக்குக் காட்டுங்கள். இன்னொரு கைபேசியால் முதல் கைபேசியும் மொனிற்றரும் ஒன்றாகத் தெரியப் படம் எடுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே தாமதம். மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். செக்கனுக்கு 25 பிரேமில் ஒரு பிரேம் 40 மில்லிசெக்கன். வயர்லெஸ், சுவிச்சர், எல்.ஈ.டி. திரையின் புரொசசர் என்று ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பிரேம் தின்னும். வீதியில் திரை வைக்கும்போது, தவிலடி காதில் விழுந்த பிறகே கை இறங்குவது போல் தெரிவது இதனால்தான். தனித்தனிப் பெட்டியின் கணக்கை அல்ல, முழுப் பாதையின் கூட்டுத்தொகையைக் கேளுங்கள்.

லாஸ் வேகாஸில் வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அங்கே எல்லாம் 59.94 பிரேமில் ஓடும். கமரா 25, 50 பிரேமுக்கு மாறுமா என்று மெனுவைத் திறந்து பாருங்கள். மாறாத கமரா எங்கள் 50 ஹேர்ட்ஸ் ரியூப் வெளிச்சத்தில் சிமிட்டும். அடுத்தது கமராக்காரரோடு பேசும் இன்ரர்கொம். அமெரிக்க டெக்ற் (கம்பியில்லாத் தொலைபேசி முறை) வகை 1920–1930 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும். அது இங்கே கைபேசிக்குரிய 2100 பட்டைக்குள் விழுகிறது. ஐரோப்பிய வகை 1880–1900. எந்த வயர்லெஸ் பொருளையும் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பற்றி விசாரித்த பிறகே வாங்குங்கள்.

பெட்டியின் பின்பக்கத்தையும் பாருங்கள். மின்சாரம் ஏறும் இடம் வட்டமான சின்னப் பிளக்கா, பூட்டும் நாலு முள் எக்ஸ்.எல்.ஆரா? வட்டப் பிளக் கயிறு தட்டினாலே கழரும். எச்.டி.எம்.ஐ.யும் பூட்டாது, 10 மீற்றருக்கு மேல் நம்பவும் முடியாது. பூட்டும் வீடியோ இணைப்பான எஸ்.டி.ஐ. நல்ல 75 ஓம் கேபிளில் ஏறத்தாழ 100 மீற்றர் போகும். தகவல் தாளில் இயங்கு வெப்பநிலை 40 பாகை என்றிருந்தால், ஆவணி மதியத் தகரக் கொட்டகைக்கு அது மட்டுமட்டு. எஸ்.ரி. 2110 (படத்தைச் சுருக்காமல் நெற்வேர்க்கில் அனுப்பும் முறை) கடைகளைக் கடந்து போகலாம்: 1080 வரி, 50 பிரேம் படத்துக்கு ஒரு கமராவே செக்கனுக்கு 2 கிகாபிற்றுக்கு மேல் கேட்கும், நேரம் ஒத்திசைக்கும் விலையான சுவிச்சும் வேண்டும்.

காட்சிப் பொருளை அங்கேயே தரமாட்டார்கள். சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ யார் முகவர், பழுதானால் எங்கே அனுப்புவது, மாற்றுப் பெட்டி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சிங்கப்பூர்க் கடையில் 100 சிங்கப்பூர் டொலருக்கு மேல் வாங்கினால் 9 வீத வரியைச் சாங்கி விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கட்டுநாயக்காவில் அதே பில்லோடு சுங்கத்தில் அறிவியுங்கள்.

மேலதிக லிதியம் பற்றரிகள் கைப்பையில்தான் போகலாம். வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 14.8 × 6.6 என்றால் 98 வாட்-மணி, முன் அனுமதி வேண்டாம். 14.8 × 10.4 என்றால் 154. 100க்கும் 160க்கும் இடைப்பட்டவை இரண்டுதான், அதுவும் விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு. கொனெக்ரர்களை ரேப் ஒட்டி மூடுங்கள்.