"முடியே கொட்டாது" என்று வாங்கிவரும் குட்டிகள்

போன வாரம் லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். புதிதாகக் கல்யாணமான ஜோடி, கையில் மூன்று மாத மால்டிபூ குட்டி. கதவைத் திறந்ததுமே அந்தப் பெண் சொன்னார்: "அக்கா, இதுக்கு முடியே கொட்டாதாம். அதுக்காகத்தான் வாங்கினோம்." 13 வருஷத்துக்கு முன்னால் என் முதல் நாயைத் தூக்கிவந்தபோது அம்மாவிடம் நான் சொன்னதும் இதேதான், வார்த்தை மாறாமல். அன்றைக்கு இரவே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சாக்லேட், திராட்சை, வெங்காயம் கொடுக்கக் கூடாது, தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடக் கூடாது. இதையெல்லாம் எந்த டாக்டரும் சொல்லிவிடுவார். நான் புதுச்சேரியில் வீடு வீடாகப் போய் நாய்களுக்கு முடி வெட்டுகிறவள். என் கைக்கு வந்து சேரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கலப்பு என்றால் பாதிக்குப் பாதி என்று கணக்குப் போடுவது

மால்டிபூ தனி இனம் இல்லை. மால்டீஸும் சிறிய வகை பூடிலும் சேர்ந்து பிறக்கும் குட்டி. மால்டீஸ் மத்தியதரைக் கடல் பக்கத்து நாய். பல நூறு வருஷமாக மனிதர் மடியில் வளர்ந்தது. பூடிலின் கதை வேறு. சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரில் நீந்திப்போய்க் கவ்விவர வளர்த்த வேட்டை நாய் அது. உடம்பைச் சிறியதாக்கினாலும் புத்தி சிறியதாகவில்லை.

இந்த இரண்டில் எது எவ்வளவு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு நான் முடி வெட்டுகிறேன். முத்தியால்பேட்டையில் இருப்பவன் 4 கிலோ, பட்டு மாதிரி நேர் முடி. வில்லியனூரில் இருப்பவன் 7 கிலோ, அடர்ந்த கம்பளிச் சுருள். கலப்புக் குட்டிக்கு கேசிஐ பேப்பர் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தனி இனங்களைத்தான் பதிவு செய்கிறது.

அலர்ஜிக்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1989இல் ஆஸ்திரேலியாவில் வாலி கான்ரன் என்பவர் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். ஹவாயில் பார்வையில்லாத ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவர் கணவருக்கோ நாய் முடி என்றால் ஒவ்வாமை. பிறந்தவை 3 குட்டிகள். அதில் 1 குட்டிதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. முடி கொட்டாவிட்டாலும் அது இருக்கத்தான் செய்யும். வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர்கள் இருந்தால், அதே குட்டியோடு இரண்டு மூன்று தடவை போய் உட்கார்ந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

கொட்டாத முடிக்கு வேலை இல்லை என்று நினைப்பது

இத்தனை வருஷம் ஆகியும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இது.

எந்த முடியும் ஒருநாள் செத்து வேரை விட்டு வரும். லாப்ரடாருக்கு அது சோபாவில் விழுகிறது. சுருள்முடி நாய்க்கு வெளியே விழ வழியில்லாமல் பக்கத்து முடியோடு பின்னிக்கொண்டு உள்ளேயே நிற்கிறது. நாம் சீவி எடுக்கிறவரை நிற்கிறது. ஆக, கொட்டாத முடிக்குத்தான் வேலை அதிகம். விற்கிறவர் இதைச் சொல்வதில்லை.

"தினமும் சீவுறோமே அக்கா" என்பார்கள். பொய் இல்லை, சீவுகிறார்கள்தான். ஆனால் பிரஷ் மேல் முடியோடு நின்றுவிடும். தடவிப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும். விரலை நுழைத்தால் தோலை ஒட்டி ஒரு கெட்டியான அடுக்கு தட்டுப்படும். அதுதான் சிக்கு.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நம் ஊரை உலுக்கிய சமயம். ரெயின்போ நகரில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர், கரண்ட் இல்லை. அவர்கள் நாய் நாள் கணக்கில் நனைந்தும் காய்ந்தும் கிடந்திருக்கிறது. துண்டால் தேய்த்துத் தேய்த்துத் துவட்டினார்கள். அந்தச் சமயத்தில் வேறென்ன செய்ய முடியும்? என்னைக் கூப்பிட்டபோது பத்து நாள் தாண்டியிருந்தது. "லேசா ட்ரிம் மட்டும் பண்ணுங்க, மொட்டை வேணாம்" என்றார் அந்த அம்மா. சீப்பு எங்கேயும் உள்ளே இறங்கவில்லை. ஒட்ட வெட்டும் பிளேடைத்தான் போட வேண்டியிருந்தது. முதுகிலிருந்து விலா வரை முடி ஒரே துண்டாக, ஆட்டுத்தோல் மாதிரி கழன்று வந்தது. அடியில் அக்குள் சிவந்து, நீர் கசிந்து, புளித்த வாடை. காதுக்குப் பின்னால் மட்டும் 14 உண்ணி, ஒவ்வொன்றும் மிளகு அளவு. நாய்களைத் தாக்கும் உண்ணிக் காய்ச்சல் அப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. அந்த நாய் இத்தனை நாளும் நடக்கும்போதெல்லாம் தோல் இழுபட்டு வலித்திருக்கும். வாலாட்டிக்கொண்டேதான் இருந்தது.

அந்த அம்மா அழுதார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. முடி கொட்டாது என்று சொல்லிக் காசு வாங்கியவர் மேல்தான் வந்தது, இன்னும் இருக்கிறது.

என் முதல் நாய்க்கு நான் செய்தது இன்னும் மோசம். சிக்கோடு குளிப்பாட்டினேன், நனைந்த சிக்கு காயும்போது கயிறாக இறுகியது. அப்புறம் சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்தேன். சிக்குக்குள் தோலும் சுருண்டு ஏறியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காதடியில் வெட்டிவிட்டேன். குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் ஓடி, மூன்று தையல். அந்த இடத்தில் அவனுக்குக் கடைசிவரை முடி முளைக்கவில்லை. சிக்கில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள்.

சரி, எப்படிச் சீவுவது? நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஒரு கையால் முடியை மேல்நோக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரிகிற மாதிரி வகிடு பிரியுங்கள். வகிட்டுக்குக் கீழே இருப்பதை மட்டும் பிரஷால் சீவுங்கள். பிறகு விரல் அகலம் மேலே போய் அடுத்த வகிடு. பாதத்தில் தொடங்கி முதுகு வரை இப்படியே. கடைசியில் ஸ்டீல் சீப்பைத் தோல்வரை இறக்கி இழுங்கள். தடையில்லாமல் வந்தால்தான் சீவியதாகக் கணக்கு. காதுக்குப் பின்னால், அக்குள், தொடையின் உள்பக்கம், வால் அடி, ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) உரசும் இடம் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். மற்ற இடங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். குளிப்பதற்கு முன் ஒரு தடவை, நன்றாகக் காய்ந்த பின் ஒரு தடவை.

8 மாதத்திலிருந்து ஒரு வயது வரை ரொம்பக் கவனம் வேண்டும். குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும் காலம் அது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னும். நேற்று இல்லாத சிக்கு இன்று இருக்கும். ஒழுங்காகச் சீவிக்கொண்டிருந்தவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். முடியாது என்று தெரிந்தால் குட்டையாக வெட்டி, ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டே இருங்கள். புசுபுசுவென்று போட்டோவுக்கு அழகாக இருக்காது. நாய் சுகமாக இருக்கும்.

டீகப் சைஸ் கேட்பது

டீக்கோப்பைக்குள் அடங்கும் குட்டி என்பார்கள். அப்படி ஓர் இனம் கிடையாது.

கழுத்துப் பட்டை

ஹார்னஸ் போடுங்கள். இவ்வளவு சிறிய நாயின் மூச்சுக்குழாய் இழுப்பைத் தாங்காது.

பால் பல்

7 மாதத்துக்கு மேலும் விழாமல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இடுப்பை விட்டு இறக்காமல் வளர்ப்பது

இந்த நாய்களின் பாசம் உண்மையானது. குளியலறைக்குப் போனால்கூடக் கதவருகில் காத்துக்கிடக்கும். அதைப் பார்த்து உருகி, முதல் மூன்று மாதம் குட்டியைத் தரையிலேயே விடாமல் வைத்திருப்பார்கள். லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு அது குரைக்க ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டில் சண்டை, அப்புறம் வீட்டு ஓனரிடமிருந்து போன். முதலியார்பேட்டையில் ஒரு குடும்பம் இதனாலேயே வீடு மாறியது.

முதல் வாரத்திலிருந்தே தனியாக விட்டுப் பழக்குங்கள். கடிக்க ஒரு பொம்மை கொடுத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போங்கள், 2 நிமிஷம். கத்தத் தொடங்கும் முன் திரும்பி வந்துவிடுங்கள். மறுநாள் 5, அடுத்த வாரம் 15. போகும்போது கொஞ்ச வேண்டாம், வரும்போது ஆரவாரம் வேண்டாம். மூன்று நான்கு தடவையில் எதையும் பிடித்துக்கொள்ளும் நாய் இது. கத்தினால் அம்மா ஓடி வருவாள் என்பதையும் அதே வேகத்தில் பிடித்துக்கொள்ளும்.

மதிய வெயிலில் தார் ரோடு

புறங்கையைத் தரையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

கடற்கரை

சாயங்காலம் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திய பிறகு பீச் ரோட்டில் தாராளமாக நடத்துங்கள். மணலில் இறக்கினால் மட்டும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரலிடுக்கு வரை ஒற்றி எடுத்துக் காயவிட்டு, சீப்பை ஒருமுறை தோல்வரை இறக்கிப் பாருங்கள். உப்பு ஈரத்தில் சிக்கு ஒரே ராத்திரியில் பிடிக்கும்.