பெடல் காலை உதைக்கிறதா? முதலில் செயினைக் கழற்றிப் பாருங்கள்

விறாந்தையில் நிற்கும் சைக்கிளைப் பின்பக்கமாக இழுத்து முற்றத்துக்குக் கொண்டுவரும்போது பெடல் தானாகப் பின்னுக்குச் சுழன்று கெண்டைக்காலில் ஒரு அடி போடும். அந்த அடி வாங்காமல் யாழ்ப்பாணத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. மலைச்சரிவில் வேகமாக இறங்கும் டவுன்ஹில் சைக்கிள்காரர்கள் 'பெடல் கிக்பேக்' என்று புலம்புவதும் இதே சங்கதிதான். அங்கே சைக்கிள் பின்னுக்குப் போகாமலே அடி விழுகிறது.

பின்சில்லின் அதிர்வைத் தாங்கும் சொக் அமுங்கும்போது பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சில்லின் அச்சு, பெடல் பூட்டிய கிராங்கின் அச்சிலிருந்து விலகிப் போகும். அந்த நேரம் மேல்பக்கச் செயினுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும். பின்பல் சக்கரம் முன்னுக்கு உருண்டு அதைக் கொடுத்துவிட்டால் காலுக்கு ஒன்றும் தெரியாது. அது ஹப்பில், அதாவது சில்லின் நடுக்குடத்தில், பிடிபட்டு நின்றுவிட்டால் கிராங்க்தான் பின்னுக்குச் சுழன்று கொடுக்க வேண்டும். பெடலில் ஏறி நிற்பவர் அதற்கும் விடாவிட்டால் சொக்கே இறுகிப்போகும். முன்பல் சக்கரத்தில் 36 பல் என்றால், கிராங்க் ஒரு பாகை திரும்ப ஏறக்குறைய 1.27 மில்லிமீற்றர் செயின் போகும். ஆக, 20 மில்லிமீற்றர் கேட்டால் கிராங்க் 15 பாகைக்கு மேல் பின்வாங்கும்.

இந்த மாதிரி எண்களைப் பார்த்துப் பயந்துபோய்ச் சாமான் வாங்க ஓடுவதுதான் பெரிய தவறு. கிக்பேக் வரைபடங்கள் பெரும்பாலும் பின்சில்லு சுழலாமல் பூட்டிக் கிடப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. ஓடுகிற வண்டியில் கதை வேறு. 29 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு 2.3 மீற்றர் அளவில் போகும். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில், 12 பல் கியரில், பின்பல் சக்கரம் ஹப்பில் பிடிபடாமலே நொடிக்கு அரை மீற்றருக்கு மேல் செயினைக் கொடுக்க முடியும். சொக் 20 மில்லிமீற்றரைப் பத்தில் ஒரு நொடியில் கேட்டாலும் நொடிக்கு 200 மில்லிமீற்றர்தான். அதே வண்டி மணிக்கு 5 கிலோமீற்றரில் ஊர்ந்தால் கொடுக்கக்கூடியது நொடிக்கு 90 சொச்சம். அங்கேதான் உதை விழும். பின்பிறேக்கை இறுக்கிச் சில்லைப் பூட்டினால் கொடுக்க ஒன்றுமே இல்லை.

அதனால் சறுக்கிச் சறுக்கி இறங்கும் பழக்கம் உள்ளவர் எந்தச் சாமான் பூட்டினாலும் பாதிப் பலன்தான். பிறேக்கை விட்டு விட்டுப் பிடிக்கப் பழகுவதற்குக் காசு வேண்டியதில்லை. கல்லுப் பகுதிக்குள் நுழையுமுன் கொஞ்சம் பெரிய பின்பல்லுக்கு மாற்றுவதும் அப்படித்தான்: 24 பல்லில், அதே வேகத்துக்கு, 12 பல்லைப்போல இரண்டு மடங்கு செயின் கிடைக்கும். சில்லு பூட்டிவிட்டால் இந்த உபாயமும் உதவாது.

சுவிஸில் இருக்கும் என் மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது தன் டவுன்ஹில் வண்டியையும் பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தான். எங்கள் குடாநாட்டில் அதற்கு என்ன வேலை? கீரிமலையில்கூடப் பெயரில் மட்டும்தான் மலை. நுவரெலியா போக முன் முற்றத்தில் வைத்து, "இது காலை உதைக்குது மச்சான், அதான் நல்ல ஹப் ஒண்டு போட்டனான்" என்றான். சில்லை அசைத்துப் பார்த்தேன். தொட்டவுடன் பிடிக்கிற ஹப். கடைக்காரர் ஒருவர் விலை கூடியதே நல்லது என்று சொல்லி விற்றாராம். கிக்பேக்குக்கு இதைவிடப் பொருத்தமில்லாத மருந்து கிடையாது.

ஹப்பின் பல் பிடிப்பதற்கு முன் இருக்கும் சும்மா இடைவெளிதான் இங்கே நமக்கு நண்பன். டிடி சுவிஸ் நிறுவனத்தின் ராட்செட் ஹப்பில் 18 பல் தட்டு என்றால் இடைவெளி 20 பாகை, 54 பல் என்றால் 7 பாகைகூட இல்லை. 12 பல் கியரில் அந்த 20 பாகை, அதிகபட்சம் 8.5 மில்லிமீற்றர் செயின் தரும். ஆனால் அது அதிர்ஷ்டச் சீட்டு மாதிரி. சில்லு பூட்டிய கணத்தில் பல் எங்கே நின்றதோ, அதைப் பொறுத்து முழுதும் கிடைக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். இத்தாலியின் ஓசெயின் போன்ற கருவிகள் இடைவெளியைக் கிராங்க் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவது இதனால்தான். பெடல் போடத் தொடங்கும்போது அந்த இடைவெளி காலுக்குத் தெரியும். ஏற்றத்திலும் ஓட்டுபவர் அதையும் யோசிக்க வேண்டும்.

கியர் மாற்றும் டிரெயிலியரின் கிளச்சை இறுக்கினால் உதை குறையும் என்பது இன்னொரு நம்பிக்கை. கிளச் பிடிப்பது கீழ்ப்பக்கச் செயினை. உதை வருவது மேல்பக்கத்தால். செயின் சட்டத்தில் அடிக்கும் சத்தத்தைக் கிளச் அடக்கும், செயின் கழராமலும் காக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் சொக்கின் அசைவுக்கு அதுவும் ஒரு தடைதான்.

செயின் நீளத்தில் செய்யும் தவறோ வண்டியையே முடித்துவிடும். எங்கள் பழைய கரியர் சைக்கிளுக்குச் செயின் வெட்டுகிற மாதிரி, வண்டி சும்மா நிற்கும்போது அளந்து வெட்டிவிடுகிறார்கள். சொக் அடிவரை அமுங்கும்போது அது போதாமல் டிரெயிலியரைப் பிய்த்துக்கொண்டு வரும். காற்றுச் சொக் என்றால் காற்றை இறக்குங்கள், சுருள்வில் என்றால் வில்லைக் கழற்றுங்கள். பெரிய பின்பல்லில் செயினைப் போட்டு, வண்டியை முழுதாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் போதும்.

உயர்ந்த பிவட்டும் (பின்பகுதி மடங்கும் மூட்டு) மேல்செயினைத் தாங்கும் ஐட்லர் சக்கரமும் உள்ள வண்டிகளில் மேல்செயின் பிவட்டுக்குக் கிட்டப் போவதால் நீளம் கேட்பது மிகவும் குறையும். ஐட்லரைத் துடைத்து எண்ணெய் போடாமல் விட்டால் மிதிக்கும்போது சுமைதான்.

சரி, இவ்வளவும் காலை உதைப்பது கிக்பேக்தான் என்று உறுதியானால் மட்டும். ஆஸ்திரியாவின் லியோகாங்கில் 2015 உலகக் கோப்பைப் பந்தயத்தில், தொடங்கிய உடனேயே செயின் அறுந்தும் ஆரன் குவின் வென்றார். அதைப் பார்த்துச் செயின்தான் எதிரி என்று முடிவு கட்டியவர்கள் பலர். ஓட்டியது குவின் என்பதை மறந்துவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. தெரிந்த பாதையில், பிறேக் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செயினைக் கழற்றி ஒரு முறை இறங்கிப் பாருங்கள். அப்போதும் உதை வந்தால் அது கிக்பேக் இல்லை. மலை இல்லாத ஊரிலும் பாதிச் சோதனை செய்யலாம்: பின்பிறேக்கைப் பிடித்தபடி இருக்கையை அமுக்கினால் கிராங்க் எவ்வளவு பின்னுக்குப் போகிறது என்று கண்ணால் காணலாம். கியர் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

மச்சானை நுவரெலியாத் தேயிலைப் பாதையில் அப்படித்தான் இறக்கினேன். செங்குத்தான வளைவுகளில் அவனுக்கு வழமையாக விழும் உதை காணாமல் போனது. அவன் சில்லைப் பூட்டுவது அங்கேதான். நீளமான கல்லுப் பகுதியில் மட்டும் செயின் இல்லாமலும் கால் பழையபடியே துள்ளியது. ரிபவுண்ட், அதாவது அமுங்கிய சொக் திரும்ப எழும்புவது, மெதுவாக இருந்ததால், அடுத்த கல் வருமுன் சொக் எழும்பி முடிக்கவில்லை. ரிபவுண்ட் திருகை இரண்டு கிளிக் திறந்துவிட்டோம். பிறகு செயினைப் பூட்டிக்கொண்டு மூன்று தரம் இறங்கினான். வளைவுகளில் பிறேக்கை விடச் சொல்லிக் கத்தியதில் எனக்குத்தான் தொண்டை கட்டிப்போனது.