நகை எப்படி மூழ்குகிறது

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை மாலை சம்பளம் வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தே யாருக்கு எந்த வாரம் வட்டி நாள் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். போன மாதம் புதிதாகச் சேர்ந்த டெய்லர் தம்பி ஒருவர் முன்பணம் கேட்டு வந்தார். எதற்கு என்றேன்.

"நகையை மாற்றி வைக்க வேண்டும் அண்ணா. வட்டிக்குத்தான் கொஞ்சம் குறைகிறது."

மாற்றி வைப்பது என்றால், பழைய அடகுக் கணக்கை முடித்து அதே நகையைப் புதுக் கடனுக்கு வைப்பது. அவர் போன பிறகும் வெகுநேரம் எனக்கு வேலை ஓடவில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்னால் நான் நின்ற அதே இடத்தில் இந்தத் தம்பி நிற்கிறார்.

டீயைக் குறையுங்கள், பிரியாணியைக் குறையுங்கள் என்றெல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. டீ குடித்துக் குடும்பம் அழிந்தவரை நான் பார்த்ததில்லை. நகை அடகில் அழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலும் மற்றக் கடன்களிலும் நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாற்றி வைத்ததைக் கடன் கட்டியதாக நினைப்பது

2010 ஜூன் மாதம். மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். ஜூன் மாதம் ஆண்டுதோறும் வரும் என்பது தெரிந்திருந்தும், என்னவோ திடீர்ச் செலவு போலத் தவித்தேன். மனைவியின் ஐந்து சவரன் ஆரத்தை ஓர் அடகுக் கடையில் வைத்து 45,000 ரூபாய் வாங்கினேன். ஒன்றரை வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய், ஆண்டுக்கு 18 சதவீதம். சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

ஓராண்டு கழிந்தது. அசலும் வட்டியும் சேர்ந்து 53,100. கையில் பணமில்லை. கடைக்காரர் கோபிக்கவில்லை. "விலை ஏறியிருக்கிறது சார், 60,000க்கு மாற்றி எழுதிக்கொள்ளலாம்" என்றார். பழைய கணக்கு முடிந்து மேற்கொண்டு 6,900 ரூபாய் கையில் வந்தது. கடன் கட்டப் போனவன் பணத்தோடு வீடு திரும்பினேன். அன்றைக்கு வரும் வழியில் அல்வா வாங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2012இல் அதே கதை. 70,800 ஆகியிருந்தது. சவரன் 22,000 ரூபாயை ஒட்டி விற்றுக்கொண்டிருந்ததால் 75,000க்குப் புதுச் சீட்டு, கையில் 4,200. இதற்கிடையில் ஒரு கல்யாணத்துக்கு மனைவி கவரிங் ஆரம் போட்டுக்கொண்டு வந்தாள். சாயங்காலம் கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. "ஆரம் பத்திரமாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதை நானும் நம்பினேன் என்பதை நினைத்தால்தான் இன்றும் எரிச்சலாக வருகிறது.

2013 ஏப்ரலில் தங்கம் விலை சட்டென்று சரிந்தது. ஜூனில் நான் கடைக்குப் போனபோது சவரன் 20,000க்குக் கீழே வந்திருந்தது. என் கணக்கில் நின்றது 88,500. "70,000க்கு மேல் எழுத முடியாது சார், 18,500 கட்டிவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள்" என்றார் அதே மனிதர். என்னிடம் 1,850கூட இல்லை. கடைசியில் அவரே ஆரத்தை எடுத்துக்கொண்டார். கல் எடை, அழுக்கு என்று கழித்து 94,500 போட்டு, மீதி 6,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

மூன்று வருடத்தில் நான் கடனாகக் கையில் வாங்கியது மொத்தம் 56,100. வட்டி மட்டும் 32,400. நகை மூழ்குவது என்கிறோமே, அது ஏல நாளில் நடப்பதில்லை. ஒவ்வொரு முறை மாற்றி வைக்கும்போதும் ஒரு சாண் இறங்குகிறது. விலை ஏறிக்கொண்டே இருக்கும் வரை அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தன் தொழிலைச் செய்தார். தவறு வேறு இடத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் நகையை விற்றால் மானக்கேடு, அடகு வைத்தால் இல்லை. அன்றே இரண்டு சவரன் வளையலை விற்றுக் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டு, மீதிக்குத் தவணை கேட்டிருந்தால் ஆரம் பீரோவில் இருந்திருக்கும். திருப்ப எந்தப் பணம், எந்த மாதம் வரும் என்று சொல்லத் தெரியாத நகையை அடகு வைக்காதீர்கள். விற்றுவிடுங்கள். இதைச் சொன்னதற்காக என் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

வைத்தே ஆக வேண்டும் என்றால் வங்கிக்குப் போங்கள், வட்டி குறைவு. அசலில் அவ்வப்போது கொஞ்சம் கட்டலாமா என்று வைக்கும்போதே கேளுங்கள். மாதம் 2,000 அசலில் கட்டினால்கூட அடுத்த மாத வட்டி இறங்கும். விலை ஏறியிருக்கிறது, கூடக் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ ஏலம் போய்விட்டால், கடன் போக மிஞ்சும் பணம் உங்களுக்குரியது. வெட்கப்பட்டுக்கொண்டு அதைக் கேட்கப் போகாதவர்கள் இருக்கிறார்கள்.

கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டுவது

பில்லில் சிறு பகுதியை மட்டும் கட்டி மீதியைத் தள்ளிப்போடுவதும் இதே நோய்தான், பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது. கிரெடிட் கார்டில் வட்டி மாதத்துக்கே 3 சதவீதத்துக்கு மேல் போகும். அடகுக் கடையின் ஒன்றரை வட்டி இதற்குத் தேவலை. பாக்கி வைத்துவிட்டால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

தள்ளுபடிக்குக் காத்திருப்பது

2021இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடனை அரசு தள்ளுபடி செய்தது, நிபந்தனைகளோடு. பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பியவர்கள் நிறையப் பேர். அடுத்த தேர்தலை மனதில் வைத்து நகை வைத்தவர்களையும் எனக்குத் தெரியும். வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவில்லாத ஏலச்சீட்டு

நடத்துபவர் எவ்வளவு நல்லவர் என்று என்னிடம் சொல்லாதீர்கள். பதிவு எண்ணைச் சொல்லுங்கள்.

நண்பனுக்காக நம் நகையை வைத்துக் கொடுப்பது

வேண்டாம்.

ஜாமீன் கையெழுத்து

போடாதீர்கள். நான் போட்ட ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும்.