பக்கத்து சர்வரை அளந்து தேர்ந்தெடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பிள்ளைகளின் இணைய வகுப்போ விளையாட்டோ திணறினால், அதிக ரிங்கிட் கட்டி வேகமான திட்டத்துக்கு மாறுவதைப் பற்றித்தான் வீட்டில் பேச்சு எழுகிறது. பல நேரங்களில் கோளாறு வேகத்தில் இல்லை, தாமதத்தில், அதாவது தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தில் இருக்கிறது. காசைக் கொடுக்கும் முன் அதை அளந்துவிடுங்கள்.

விளையாட்டுச் செயலி காட்டும் சர்வர் (நாம் இணையும் தொலைதூரக் கணினி) பட்டியலில் சிங்கப்பூர், மும்பை, பிராங்க்பர்ட் என்று இருக்கும். விண்டோஸ் கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ‘பிங்’ கட்டளையுடன் ஒவ்வொரு சர்வரின் முகவரியையும் கொடுங்கள். நான்கு வரிகள் ஓடும். தகவல் போய்த் திரும்பிய நேரம் மில்லி விநாடியில் தெரியும். எண் குறைவாக வரும் சர்வரைத் தேர்ந்தெடுங்கள்.

சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 18, 19, 18, 94 என்று வந்தால் சராசரி 37 எனக் காட்டும். உண்மையான தொலைவைச் சொல்வது அந்த 18தான். 94 நெரிசலின் அடையாளம். பெரும்பாலும் வீட்டு வைஃபையே காரணம். கேபிளைச் செருகி மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். கூட்டம் மிகுந்த இரவு எட்டு மணிக்குமேல் ஒருமுறை பார்ப்பது இன்னும் நல்லது.

இணையத் தகவலைச் சுமக்கும் கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் ஓடும். ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தள்ளியுள்ள பிராங்க்பர்ட்டுக்குப் போய்வர 100 மில்லி விநாடியாவது ஆகும். எந்தத் திட்டமும் அதைக் குறைக்காது.

சில சர்வர்கள் பிங்குக்குப் பதிலே தராது. அதற்காக அவை முடங்கிவிட்டன என்று ஒதுக்கிவிட வேண்டாம். விளையாட்டுச் செயலியே காட்டும் தாமத எண்ணைப் பாருங்கள்.